குதிரை எடை நாடா: கொழும்புக் குதிரைகளுக்கு எவ்வளவு தூரம் நம்பலாம்?

குதிரை எடை நாடாவை வாங்கலாம். ஆனால் அது காட்டும் கிலோவை அப்படியே எடுத்து மருந்து கொடுக்கக் கூடாது. ஒரே குதிரை கிழமைக்குக் கிழமை ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்ப்பதற்கு இதைவிட மலிவான, இலகுவான சாமான் லாயத்தில் இல்லை. பூச்சி மருந்தின் அளவு, தீவனக் கணக்கு, முதுகில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்ற கணக்கு ஆகியவற்றுக்கு நெஞ்சுச் சுற்றளவு, உடல் நீளம் இரண்டையும் அளந்து சூத்திரத்தில் போட வேண்டும். அதற்குக் கிலோ அச்சடித்த நாடாவே தேவையில்லை. புறக்கோட்டையில் வாங்கும் சாதாரண அளவு நாடா போதும், குதிரையைச் சுற்றிவரும் அளவுக்கு நாடா நீளமாக மட்டும் இருக்க வேண்டும்.

எடை நாடா என்பது குதிரையின் நெஞ்சைச் சுற்றிப் போடும் ஒரு பட்டி. சென்டிமீற்றருக்குப் பதிலாகக் கிலோ அச்சடித்திருக்கும். மறுபக்கத்தில் பெரும்பாலும் உயரம் அளக்கும் கோடுகள் இருக்கும். குதிரைக்காரர் சொல்லும் ‘ஹேண்ட்’ கணக்கு அது, ஒரு ஹேண்டுக்கு 4 அங்குலம். சந்தையில் இரண்டு வகை நாடா கிடைக்கிறது. தீவனக் கம்பனிகள் விளம்பரத்துக்குக் கொடுக்கும் மெல்லிய கடதாசி போன்ற நாடா ஒன்று. கண்ணாடி நாரின் மேல் பிளாஸ்டிக் பூசிய தடித்த நாடா மற்றது. இரண்டும் செய்வது ஒரே வேலைதான். இந்தச் சுற்றளவு உள்ள குதிரை பொதுவாக இத்தனை கிலோ இருக்கும் என்று முன்கூட்டியே போட்ட கணக்கை அச்சில் காட்டுகின்றன. குதிரை நீளமா கட்டையா என்று நாடாவுக்குத் தெரியாது.

கொழும்பில் இந்தக் குறைதான் பெரிதாகத் தெரிகிறது. ரீட் மாவத்தையில் பந்தயம் நின்று பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. பழைய பந்தயத் திடலில் இன்று கடைத் தொகுதியும் விளையாட்டு மைதானமும்தான். நகரிலும் சுற்றுப்புறத்திலும் தனியார் வைத்திருக்கும் குதிரைகள் பல இடங்களில் இருந்து வந்த கலவை. நுவரெலியாவில் ஓடி ஓய்ந்த தொரோபிரெட் இனப் பந்தயக் குதிரை ஒரு லாயத்தில் நிற்கும். அடுத்த லாயத்தில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் கட்டைப் போனி நிற்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட கலப்பினங்களும் உண்டு. நாடாவின் கணக்கோ நடுத்தர உயரமும் நடுத்தர உடம்பும் உள்ள வெளிநாட்டுச் சவாரிக் குதிரையை மனதில் வைத்துப் போட்டது. நீண்ட உடம்பும் ஒடுங்கிய நெஞ்சும் உள்ள தொரோபிரெட்டுக்கு அது குறைத்துச் சொல்லும். இருபது, முப்பது கிலோ பிசகுவது சாதாரணம். பெரிய குதிரையில் ஐம்பது, அறுபது கிலோ வரைகூடப் போகலாம்.

மாட்டுக்கான எடை நாடாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பால் பண்ணைகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில் குதிரை நாடாவைவிட அதுவே இலகுவாகக் கிடைக்கும். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அதைக் குதிரைக்குப் போடக் கூடாது. மாட்டின் நெஞ்சுக்கூடும் வயிற்றின் பங்கும் வேறு, எனவே கணக்கும் வேறு. கிலோப் பக்கத்தை மறந்துவிட்டு சென்டிமீற்றர் பக்கத்தை மட்டும் பார்ப்பதென்றால் பாவிக்கலாம்.

வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனை

நாடா கையில் வந்ததும் கொத்தனார் பாவிக்கும் இரும்பு டேப் ஒன்றை நிலத்தில் விரித்து, இதை அதன் பக்கத்தில் வைக்க வேண்டும். குதிரையின் நெஞ்சளவு வரும் பகுதி, அதாவது 150 முதல் 200 சென்டிமீற்றர் வரை, பேனையால் 10 சென்டிமீற்றருக்கு ஒரு சிறு கோடு போடுங்கள். இனி அந்த ஒரே நாடா கிலோவையும் சென்டிமீற்றரையும் சேர்த்துக் காட்டும். இரண்டு மூன்று மாதத்துக்குப் பின் அதே இரும்பு டேப்பின் பக்கத்தில் மறுபடி வைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் நாடா வெயிலில் தொங்கினால் நீளும். நாடா நீண்டால் எண் குறையும், நன்றாகத் தின்னும் குதிரை மெலிவது போலக் காட்டும். கடதாசி நாடா அவ்வளவாக நீளாது. ஆனால் வியர்வையும் மழை ஈரமும் பட்டால் அச்சு தேய்ந்துவிடும். எந்த எண் எங்கே தேயும் என்றால், உங்கள் குதிரையின் எண் இருக்கும் இடத்தில்தான் முதலில் தேயும், கை படுவது அங்கேதானே.

இன்னொன்று, தொடக்கக் கோடு எங்கே என்று பார்க்க வேண்டும். பல நாடாக்களில் நுனியில் இருந்து சில சென்டிமீற்றர் வெறுமையாக விட்டு, அதன் பிறகுதான் அம்புக்குறி அல்லது கோடு வரும். எண்ணை அந்தக் கோட்டுக்கு நேரே வாசிக்க வேண்டும். நுனியை வைத்து வாசித்தால் ஒவ்வொரு முறையும் ஒரே பிழை வரும். போக்கைப் பார்ப்பதற்கு அது பாதகம் செய்யாவிட்டாலும் மருந்துக்கு நிச்சயம் பாதகம்.

நாடாவைப் போடும் விதம்

குதிரை சீமெந்துத் தரை போன்ற மட்டமான இடத்தில் நாலு காலையும் சமமாக ஊன்றி நிற்க வேண்டும். தலையைத் தாழ்த்திப் புல் மேயும்போதும், எதையோ பார்த்துத் தலையைத் தூக்கி நிற்கும்போதும் நெஞ்சளவு மாறும். ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு கழுத்து இயல்பாக இருக்கும் நிலையில் வைத்திருக்க, மற்றவர் இடப்பக்கம் நின்று அளக்க வேண்டும். தனி ஆளாக அளக்கப் போனால் நாடாவின் மறுமுனையை எடுக்க வயிற்றுக்கடியில் குனிய வேண்டியிருக்கும். கூச்ச சுபாவமுள்ள குதிரையிடம் அது ஆபத்து. முதலில் நாடாவை முதுகின் மேலாகப் போட்டு வலப்பக்கம் தொங்கவிடுங்கள். பிறகு இடப்பக்கத்தில் நின்றபடியே வயிற்றுக்கடியில் கையை நீட்டி முனையைப் பிடித்து இழுங்கள். அதுவே பாதுகாப்பான வழி.

நாடா போகும் பாதை: மேலே, பிடரி மயிர் முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் எலும்பு மேடாக நிற்குமே, கொழும்புச் சவாரிக்காரர்கள் ‘விதர்ஸ்’ என்பார்கள், அதன் பின்சரிவில் நாடா படிய வேண்டும். கீழே, முன்னங்கால் முழங்கைக்குச் சற்றுப் பின்னால், சேண வார் வரும் இடத்தில் போக வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் நாடா திருகாமல், மடியாமல் நிற்க வேண்டும். சில நாடாக்கள் நேர்குத்தாகப் போடச் சொல்லும், சில சற்றுச் சாய்வாகப் போடச் சொல்லும். நாடாவில் அச்சடித்த படத்தையே பின்பற்றுங்கள். அதன் கணக்கு அந்தப் பாதைக்காகத்தான் போடப்பட்டது. முழங்கைக்குப் பின்னால் தோல் தளர்ந்து மடியும் இடமொன்று உண்டு. நாடாவின் ஓரம் அந்த மடிப்புக்குள் போய்விட்டால் இரண்டு சென்டிமீற்றர் காணாமல் போகும். விரலை உள்ளே விட்டு ஒரு தடவை தடவிச் சமப்படுத்திவிட்டுத்தான் வாசிக்க வேண்டும்.

இறுக்கம் பற்றித்தான் அதிகம் தகராறு வரும். மயிர் படிய வேண்டும், தோல் பள்ளம் விழக் கூடாது. குதிரை மூச்சை விட்டு முடிக்கும் தருணத்தில் வாசிக்க வேண்டும். மூன்று முறை கழற்றிப் போட்டு அளந்து நடு எண்ணை எழுதுங்கள். மூன்றும் 2 சென்டிமீற்றருக்குள் வராவிட்டால் போடும் இடத்தில் ஏதோ பிழை. நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். காலைத் தீவனத்துக்கும் தண்ணீருக்கும் முன்னால் என்று வைத்துக்கொள்வது நல்லது. முடிந்தவரை அளப்பவரும் ஒருவராகவே இருக்கட்டும், ஆளுக்கு ஆள் இழுக்கும் பலம் வேறு.

சூத்திரம்

நெஞ்சுச் சுற்றளவை அதே அளவால் பெருக்கி, உடல் நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோ வரும். இரண்டு அளவும் சென்டிமீற்றரில் இருக்க வேண்டும். நீளம் என்பது தோள் முனையில் இருந்து பிட்டத்து எலும்பு முனை வரை. தோள் முனை என்றால் நெஞ்சின் முன்பக்கம் கையால் தடவும்போது கடினமாகத் தட்டுப்படும் எலும்பு. பிட்டத்து முனை வாலுக்குப் பக்கவாட்டில் சற்றுக் கீழே தட்டுப்படும்.

180 சென்டிமீற்றர் சுற்றளவும் 165 சென்டிமீற்றர் நீளமும் உள்ள குதிரைக்குக் கணக்கு இப்படிப் போகும்: 180 × 180 = 32,400. அதை 165 ஆல் பெருக்கினால் 53,46,000. 11,880 ஆல் வகுத்தால் 450 கிலோ. சுற்றளவை 3 சென்டிமீற்றர் கூட எடுத்து 183 என்று போட்டுவிட்டால் விடை 465 ஆகிவிடும். நீளத்தில் 5 சென்டிமீற்றர் பிசகினாலும் 13, 14 கிலோ மாறும். நீளத்தில் பிசகு வருவது பெரும்பாலும் நாடாவை வயிற்றின் புடைப்போடு வளைத்து ஒட்டிப் பிடிப்பதால்தான். இரண்டு முனைக்கும் இடையே நாடா காற்றில் நேராக நிற்க வேண்டும். இரண்டு பேர் இரண்டு முனையையும் பிடித்தால் அது தானாக வரும்.

போனிக்கு இந்தச் சூத்திரம் சற்றுக் குறைத்துச் சொல்லும். அதனால் வகுக்கும் எண்ணைச் சுமார் 10,800 ஆகக் குறைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. 140 சுற்றளவும் 125 நீளமும் உள்ள போனிக்கு முதல் கணக்கில் 206 கிலோவும் இரண்டாவது கணக்கில் 227 கிலோவும் வரும். 20 கிலோ வித்தியாசம் போனியின் உடம்புக்குச் சின்ன விஷயமல்ல. குட்டிகளுக்கும், ஈனப் போகும் பெண் குதிரைக்கும் நாடாவும் சரி வராது, மேலே சொன்ன சூத்திரமும் சரி வராது.

தையல்காரர் பாவிக்கும் அளவு நாடா 150 சென்டிமீற்றரோடு முடிந்துவிடும். போனிக்குக் காணும், குதிரைக்குக் காணாது. புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் தையல் சாமான் விற்கும் கடைகளில் 3 மீற்றர் நாடா கேளுங்கள். கிடைக்காவிட்டால் நீளாத நைலோன் கயிற்றால் சுற்றி, சேரும் இடத்தில் விரலால் பிடித்து, இரும்பு டேப்பில் வைத்து அளக்கலாம். இரும்பு டேப்பை நேரடியாகக் குதிரையைச் சுற்றிப் போடாதீர்கள். ஓரம் கூர்மையானது, சுருண்டு திரும்பும் சத்தத்திலேயே குதிரை மிரளும்.

லொறித் தராசோடு ஒத்துப்பார்ப்பது

நாடாவையும் சூத்திரத்தையும் உங்கள் குதிரைக்கென்று திருத்திக்கொள்ள வழியுண்டு. குதிரையை எங்காவது லொறியில் ஏற்றிப் போகும் நாளில், வழியில் லொறி நிறுக்கும் தராசு ஒன்றில் நிறுத்துங்கள். குதிரையோடு ஒரு முறை, இறக்கிவிட்டு வரும்போது ஒரு முறை. சாரதியும் உதவியாளரும் இரண்டு முறையும் ஒரே மாதிரி உள்ளேயோ வெளியேயோ இருக்க வேண்டும். வைக்கோல், தண்ணீர் வாளி, சேணம் எதையும் இடையில் இறக்கக் கூடாது. இடையில் டீசல் அடிக்கவும் கூடாது. 50 லீற்றர் அடித்தால் 40 கிலோவுக்கு மேல் கூடிவிடும்.

இந்தத் தராசுகள் பல 20 கிலோப் படியில்தான் காட்டும். ஒவ்வொரு வாசிப்பிலும் 10 கிலோ அங்கே இங்கே இருக்கலாம் என்பதால் இரண்டையும் கழிக்கும்போது 20 கிலோ வரை பிசகக்கூடும். பெரிய குதிரைக்கு இது பொறுத்துக்கொள்ளக்கூடியது. 200 கிலோப் போனிக்கு இந்தத் தராசால் பிரயோசனமில்லை, சூத்திரமே மேல்.

தராசு 470 காட்டிய அன்று நாடா 420 காட்டினால், 470 ஐ 420 ஆல் வகுக்க 1.12 வரும். இனி அந்தக் குதிரைக்கு அந்த நாடா காட்டும் எண்ணை 1.12 ஆல் பெருக்கிக்கொள்ளலாம். பிறகொரு நாள் நாடா 410 காட்டினால் உண்மையில் 459 அளவில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நாடாவின் பெயரையும் இந்த எண்ணையும் லாயக் கதவில் எழுதி வையுங்கள். வேறு நாடா வாங்கினால் அந்த எண் செல்லாது.

பூச்சி மருந்து

எடை பிழைத்தால் அதிகம் கெடுவது இங்கேதான். ஐவர்மெக்டின் பசை, ஊசி போடாமல் வாயில் பிதுக்கிவிடும் சிரிஞ்சில் வரும். குதிரைக்கான அளவு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். 1.87 சதவீதப் பசை 6.42 கிராம் உள்ள சிரிஞ்சில் மருந்து 120 மில்லிகிராம், அதாவது 600 கிலோக் குதிரைக்கு ஒரு முழுச் சிரிஞ்சு. 450 கிலோக் குதிரையை நாடா 400 என்று காட்ட, அதை நம்பி, சிரிஞ்சின் தண்டில் அளவைக் குறிக்கும் வளையத்தை 400 கிலோக் கோட்டில் வைத்தால் போவது 80 மில்லிகிராம். கிலோவுக்கு 0.178 தான் கிடைக்கிறது. ஒரு தடவை அப்படிப் போனால் வெளியே எதுவும் தெரியாது. வருடா வருடம் அப்படிப் போனால் அரைகுறை மருந்துக்குத் தப்பிய பூச்சிகளே பெருகும், பிறகு அந்த மருந்து அந்த லாயத்தில் வேலை செய்யாது. பக்கத்து லாயத்துக் குதிரையும் அதே மேய்ச்சலில் நின்றால் அதற்கும் அதே கதிதான்.

ஐவர்மெக்டினுக்குப் பாதுகாப்பு இடைவெளி அகலம். அதனால் சூத்திரத்தில் வந்த எண்ணுக்கு அடுத்த மேல் கோட்டுக்கு உயர்த்தி வைப்பதே முறை. மொக்சிடெக்டின் என்ற மற்றப் பூச்சி மருந்தில் அப்படித் தாராளம் காட்டக் கூடாது. அதன் அளவு கிலோவுக்கு 0.4 மில்லிகிராம், அது கொழுப்பில் தங்கும் மருந்து. எலும்பும் தோலுமாக இருக்கும் குதிரைக்கும், 4 மாதம் நிரம்பாத குட்டிக்கும் கொடுக்கக் கூடாது. எந்த மருந்து, எப்போது என்பதைச் சாணத்தில் முட்டை எண்ணிப் பார்த்து மிருக வைத்தியர் சொல்லட்டும். அவர் கேட்கும் முதல் கேள்வி எடை என்னவென்பதுதான், அதற்குச் சரியான பதிலை வைத்திருப்பது உங்கள் வேலை.

சிரிஞ்சில் வளையத்தைத் திருகி உரிய கோட்டில் வைத்த பின் அது பூட்டிக்கொண்டதா என்று விரலால் தள்ளிப் பாருங்கள். பூட்டாத வளையம் அழுத்தும்போது வழுக்கி முழுச் சிரிஞ்சும் போய்விடும். குதிரையின் வாயில் தீவனம் இருக்கக் கூடாது, இருந்தால் பசையோடு சேர்த்துத் துப்பிவிடும். துப்பியதை நிலத்தில் விடாமல் கழுவிவிடுங்கள். கோலி போன்ற சில இன நாய்களுக்கு ஐவர்மெக்டின் உயிருக்கே ஆபத்து.

தீவனக் கணக்கு

உலர் நிறையில் உடல் எடையின் 1.5 முதல் 2 சதவீதம் புல், வைக்கோல் வகையாகப் போக வேண்டும் என்பது அடிப்படைக் கணக்கு. 300 கிலோக் குதிரைக்கு 2 சதவீதம் 6 கிலோ. வீதியோரங்களில் வெட்டும் கினிப் புல்லில் நாலில் மூன்று பங்கு தண்ணீர். அப்படியானால் பச்சையாக 24 கிலோ வேண்டும். மழைக் காலத்தில் இளம் புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீராக இருக்கும்போது அதே குதிரைக்கு 30 கிலோ வேண்டும். ஒரு கட்டு, இரண்டு கட்டு என்று கொடுப்பவர்கள் தொங்கு தராசில் ஒரு கட்டையாவது நிறுத்துப் பாருங்கள். வெட்டுபவரின் கையைப் பொறுத்து ஒரு கட்டு 8 கிலோவும் இருக்கும், 14 கிலோவும் இருக்கும்.

தானியத்தையும் டின்னால் அளக்கக் கூடாது. ஒரே பால்மா டின்னில் உடைத்த சோளம் போட்டால், தவிடு போடுவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நிறை வரும். ஒரு வேளைக்கு உடல் எடையின் 0.5 சதவீதத்துக்கு மேல் தானியம் போகக் கூடாது. 400 கிலோக் குதிரைக்கு அது 2 கிலோ. அதற்கு மேல் போனால் மாப்பொருள் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். வயிற்று வலியும், குளம்புக்குள் அழற்சியும் அங்கிருந்துதான் தொடங்கும்.

நாடா மூன்று கிழமை தொடர்ந்து இறக்கம் காட்டினால் பலர் உடனே செய்வது தவிட்டைக் கூட்டுவது. அதைச் செய்யாதீர்கள். 2 கிலோ அரிசித் தவிட்டில் பொசுபரசு 30 கிராம் அளவில் இருக்கும், கல்சியம் 2 கிராம் அளவுதான். போதாததற்கு கோ-3 போன்ற நேப்பியர் வகைப் புல்லிலும், வேறு பல வெப்பமண்டலப் புற்களிலும் ஒக்சலேட் உண்டு. அது புல்லில் உள்ள கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு குடலில் உறிஞ்சவிடாது. மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் ஒக்சலேட்டை உடைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. பால் மாட்டுக்கு நல்ல புல் குதிரைக்கும் நல்லது என்று நினைப்பதில் உள்ள ஓட்டை இதுதான். மாதக் கணக்கில் இது போனால் உடம்பு தன் எலும்பில் இருந்தே கல்சியத்தை எடுக்கும். இன்று ஒரு கால், நாளை இன்னொரு கால் என்று நொண்டும். கண்ணுக்குக் கீழே முக எலும்பு இருபக்கமும் வீங்கும். பல் ஆடி, மெல்ல முடியாமல் மேலும் மெலியும்.

ஆகவே எடை இறங்கினால் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்க்க வேண்டும், அடுத்து சாணம், அதற்குப் பின்தான் தீவனம். தவிடு கொடுத்தே ஆக வேண்டுமென்றால் தீவனத் தரமான சுண்ணாம்புக்கல் தூளை எவ்வளவு சேர்ப்பது என்று வைத்தியரிடம் கேட்டுச் சேருங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பும் கட்டடச் சுண்ணாம்பும் வேறு சாமான், வாயைச் சுட்டுவிடும். தவிட்டையும் ஆலையில் இருந்து புதிதாக எடுத்து ஒரு கிழமைக்குள் முடியுங்கள். கொழும்பின் புழுக்கத்தில் அதன் எண்ணெய் சீக்கிரம் காறிவிடும், காறல் மணம் வந்தால் நல்ல குதிரை வாய் வைக்காது.

நாடா காட்டாதவை

வெயிலில் ஓடி வந்த குதிரை வியர்வையாகப் பல லீற்றர் தண்ணீரை இழந்திருக்கும். நெஞ்சளவில் அது உடனே தெரியாது. கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டு எவ்வளவு நேரத்தில் படிகிறது என்று பாருங்கள், ஈறு ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

பூச்சி நிறைந்த குதிரைக்கும், நார் முற்றிய புல்லையே தின்னும் குதிரைக்கும் வயிறு பெருத்து முதுகு ஒட்டியிருக்கும். நாடா போவது நெஞ்சில் என்பதால் வயிறு கணக்கில் வராது. தொப்புள் மட்டத்தில் இன்னொரு சுற்றளவும் எடுத்து எழுதினால் நெஞ்சு ஒடுங்க வயிறு பெருப்பது தெரியும்.

கொழுப்பா தசையா என்பதும் நாடாவுக்குத் தெரியாது. அதற்கு 1983 இல் ஹெனெக் குழுவினர் வெளியிட்ட 1 (மிக மெலிவு) முதல் 9 (மிகக் கொழுப்பு) வரையான உடல்நிலைப் புள்ளி முறை இருக்கிறது. கழுத்து, விதர்ஸ், தோளின் பின்புறம், விலா, இடுப்பு, வால் அடி என ஆறு இடத்தைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். 5 என்றால் விலா கண்ணுக்குத் தெரியாது, கைக்கு இலகுவாகத் தட்டுப்படும். வேலை செய்யும் சவாரிக் குதிரைக்கு 5 நல்ல இடம். மயிர் அடர்ந்த போனியைக் கண்ணால் மட்டும் மதிப்பிட்டால் பிழைக்கும். எடையும் புள்ளியும் ஒரே திசையில் போனால் அளவு சரி. புள்ளி மாறாமல் எடை மட்டும் இறங்கினால் நாடா நீண்டுவிட்டதா என்று இரும்பு டேப்பை மறுபடி எடுங்கள்.

பிள்ளைகளைப் போனியில் ஏற்றுபவர்களுக்கு இந்தக் கணக்கு மிகவும் வேண்டியது. சவாரிக்காரர், சேணம், கடிவாளம் எல்லாம் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றும் வரம்பு. 227 கிலோப் போனிக்கு அது 45 கிலோ. சேணச் சாமான் 8 கிலோ என்றால் ஏறுபவர் 37 கிலோவுக்குள் இருக்க வேண்டும். பதின்ம வயதுப் பிள்ளைகள் பலர் அதைத் தாண்டிவிடுவார்கள். போனி வயதானதாகவோ, குளம்பு நோவோடோ, புழுக்கமான பிற்பகலிலோ என்றால் 20 சதவீதமும் கூடுதல்தான்.

எதை வாங்குவது

ஒரு குதிரை மட்டும் வைத்திருப்பவர் 3 மீற்றர் தையல் நாடாவும் ஒரு இரும்பு டேப்பும் வாங்கினால் போதும். வெளிநாட்டில் இருந்து எடை நாடா வரவழைத்தால் சாமான் விலையைவிடத் தபால் செலவு கூட வரலாம், அதற்கு அவசியமில்லை. நாலைந்து குதிரை நிற்கும் லாயத்தில், பராமரிப்பவர்கள் கணக்குப் போடாமல் கிழமைக்கொரு முறை எண் எழுத வேண்டுமென்றால் பிளாஸ்டிக் பூசிய தடித்த நாடா பிரயோசனமானது. வாங்கும்போது அச்சு பிளாஸ்டிக்குக்கு உள்ளே இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மேலே இருந்தால் ஒரு மழைக் காலத்தைத் தாண்டாது. போனிகள் அதிகம் என்றால், போனிக்கென்று தனி அளவுகோல் அச்சடித்த நாடாவைத்தான் கேட்டு வாங்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் கடதாசி நாடாவுக்குக் காசு கொடுக்க வேண்டாம், கிடைத்தால் ஒதுக்கவும் வேண்டாம். இரண்டு கிடைத்தால் ஒன்றைப் பாவிக்காமல் உறையிலேயே வைத்திருங்கள், மற்றது தேய்ந்த பிறகும் அதே கணக்கில் தொடரலாம்.

பாவித்தபின் ஈரத் துணியால் துடைத்து, நிழலில் காயவிட்டு, தளர்வாகச் சுருட்டி மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். ஆணியில் தொங்கவிட்டால் தன் பாரத்திலேயே நீளும், எலியும் கடிக்கும். குறிப்பேட்டில் திகதி, நெஞ்சளவு, நீளம், வயிற்றளவு, நாடா காட்டிய கிலோ, உடல்நிலைப் புள்ளி, அளந்தவரின் பெயர் என்று ஏழு கட்டம் போடுங்கள். நீளத்தை மாதம் ஒரு முறை எடுத்தால் போதும், வளர்ந்த குதிரைக்கு அது மாறாது. மாறினால் அளந்த முறைதான் மாறியிருக்கிறது.